கதவுக்கு மேலே இருந்த திறப்பு

அன்புள்ள கட்டடப் பொறியாளர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும், வீட்டுக்கு பிளான் போட்டுக் கையெழுத்திடும் எல்லோருக்கும்,



வயதான கொத்தனார் ஒருவரிடம் ‘வென்டிலேட்டர்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் கை தானாக மேலே போகும். கதவு நிலைக்கு மேலேயோ, சமையலறைச் சுவரில் கூரையை ஒட்டியோ விடப்பட்ட சின்னத் திறப்பைத்தான் அவர் காட்டுவார். இரண்டு இரும்புக் கம்பி, இல்லையென்றால் ஒரு சிமெண்ட் ஜாலி. சில வீடுகளில் கயிற்றை இழுத்தால் சாய்ந்து திறக்கும் கண்ணாடிப் பலகை. அடுப்புப் புகையும் வெக்கையும் அதன் வழியாகப் போய்விடும். 2020-க்குப் பிறகு அதே சொல்லைக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட மருத்துவமனைப் படுக்கையையும் மூச்சுக்குழாயையும்தான் நினைக்கிறது. சுவரில் இருந்த வென்டிலேட்டர் ஓசையில்லாமல் போய்விட்டது. லாஃப்ட் கட்டும்போது கொஞ்சம் அடைபட்டது, ஃபால்ஸ் சீலிங் வந்தபோது மறைந்தது, ஏ.சி. மாட்டியபோது செங்கல் வைத்துப் பூசப்பட்டது. புதிய பிளான்களில் அதற்குக் கோடே இல்லை.

மூச்சுக் காற்றில் பரவும் நோய்களைப் பற்றி மருத்துவர்களுக்கும் அமைச்சர்களுக்கும் பொதுமக்களுக்கும் எத்தனையோ வேண்டுகோள்கள் எழுதப்பட்டுவிட்டன. முகக்கவசம் அணியுங்கள், கை கழுவுங்கள், தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். எல்லாமே தேவைதான். ஆனால் ஒரு வீட்டுக்குள் ஒருவர் இருமினால் அந்தக் காற்று எவ்வளவு நேரம் அங்கேயே சுற்றும் என்பதை அந்த வீட்டில் இருப்பவர் தீர்மானிப்பதில்லை. அவருக்கு மருந்து எழுதும் மருத்துவரும் தீர்மானிப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே, கணினித் திரையில் ஜன்னலுக்கு ஒரு கோடு இழுத்தபோது நீங்கள் அதைத் தீர்மானித்துவிட்டீர்கள். அதனால்தான் இந்த மடல் உங்கள் முகவரிக்கு வருகிறது.

முதலில் ஒரு கணக்கு. கணக்கு உங்களுக்குப் பழக்கமானது. மனிதர் வெளியே விடும் மூச்சில் ஏறத்தாழ 4 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. திறந்தவெளியில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. கதவு ஜன்னல் அடைத்த ஓர் அறையில் நாலைந்து பேர் தூங்கி எழும்போது அளவுமானியை வைத்தால் 2,400-ஐத் தாண்டுவது அரிதான காட்சி அன்று. கூடுதலாகச் சேர்ந்த 2,000 பங்கும் அங்கே படுத்திருந்தவர்களின் மூச்சிலிருந்து வந்தது. வகுத்துப் பார்த்தால், அந்த அறையில் ஒருவர் உள்ளிழுக்கும் காற்றில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு ஏற்கெனவே அங்கிருந்த யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய் வந்தது. எச்சில் பட்ட டம்ளரைக் கழுவாமல் யாரும் குடிப்பதில்லை. எச்சில் பட்ட காற்றை இரவெல்லாம் பகிர்ந்துகொள்கிறோம், அது கண்ணுக்குத் தெரியாததால்.

இந்தக் காற்றுக்குள் நோய் மிதக்க முடியும் என்று நிரூபிக்க ஒரு கட்டடம்தான் தேவைப்பட்டது. 1930-களில் வில்லியம் வெல்ஸ் என்ற அமெரிக்கர், இருமலில் தெறிக்கும் நுண்துளிகள் தரையில் விழுவதற்குள் காய்ந்து, தூசியை விடச் சிறிய கருக்களாகி, மணிக்கணக்கில் மிதக்கும் என்று எழுதினார். பெரும்பாலான மருத்துவர்கள் ஏற்கவில்லை. 1950-களின் பிற்பகுதியில் அவரும் ரிச்சர்ட் ரைலியும் சேர்ந்து பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியே மேல்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கூண்டுகளில் கினிப் பன்றிகள். நோயாளிகளை அவை பார்த்ததுகூட இல்லை. அவர்களின் அறைக் காற்றை மட்டும் சுவாசித்தன. ஒன்றன்பின் ஒன்றாக அவற்றுக்குக் காசநோய் தொற்றியது. அதே காற்றில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி அனுப்பிய கூண்டில் இருந்தவற்றுக்குத் தொற்றவில்லை. அந்த ஆய்வின் முக்கியக் கருவி ஒரு காற்றுக் குழாய். ஒரு விதத்தில், அது உங்கள் துறையின் ஆய்வு.

இனி மும்பைக்கு.

மும்பை மாநகராட்சியின் எம்-கிழக்கு வார்டில் கோவண்டியும் மான்குர்தும் இருக்கின்றன. ரயில் பாதை ஓரங்களிலும் சாலை ஓரங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களைப் பெருந்திட்டங்களுக்காக அகற்றி, அவர்களுக்கு அங்கே அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட், பி.எம்.ஜி.பி. காலனி என்று மூன்று குடியிருப்புகள். மூன்றிலும் வசிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி ஏழைகள். வீடு சுமார் 225 சதுர அடி. பதினைந்துக்குப் பதினைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் சமையல், குளியல், படுக்கை எல்லாம். நட்வர் பாரேக்கிலும் லல்லுபாயிலும் ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவே 3 மீட்டர்தான். கட்டடங்களோ ஏழெட்டு மாடி உயரம்.

‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ அமைப்பு இந்த மூன்று குடியிருப்புகளிலும் 4,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் ஆய்வு நடத்தி, 2018-இல் முடிவை வெளியிட்டது. மும்பை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர்களும் அதில் பங்கேற்றார்கள். நெருக்கிக் கட்டிய இரண்டு காம்பவுண்டுகளிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் காசநோய் இருந்தது. சற்று இடைவெளிவிட்டுக் கட்டப்பட்ட பி.எம்.ஜி.பி. காலனியில் நூற்றில் ஒருவருக்கு. வெளிச்சமும் காற்றோட்டமும் வீட்டுக்குள் எவ்வளவு வருகின்றன என்பதைக் கணினி மாதிரியில் போட்டுப் பார்த்தார்கள். கீழ்த்தளங்களில் வானமே தெரியவில்லை. பகலிலும் விளக்கு எரிந்தது. இடைவெளிதான் நோய்க்கு ஒரே காரணம் என்று எந்த ஆய்வாளரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் ஒரே ஊர், ஒரே வறுமை. நடுவில் இவ்வளவு பெரிய வேறுபாடு. பிளானைப் பார்க்காமல் அதை விளக்க முடியாது.

இதில் எல்லாவற்றையும் விட மனத்தைத் தைக்கும் செய்தி வேறு. அந்த 3 மீட்டர் சந்துகளில் மேல்மாடிக்காரர்கள் குப்பையை வீசினார்கள். நாற்றம் தாங்காமல் கீழ்மாடிக்காரர்கள் இருந்த ஜன்னலையும் அடைத்துக்கொண்டார்கள். இதைப் படித்ததும் ‘மக்களுக்கு ஒழுங்கில்லை’ என்று சொல்லத் தோன்றுகிறவர்கள், நூற்று நாற்பது ஆண்டு பின்னால் நியூயார்க் வரை போய் வர வேண்டும்.

1879-இல் நியூயார்க்கில் ஒரு போட்டி முடிந்தது. 25 அடி அகலம், 100 அடி நீளம் உள்ள மனையில் தொழிலாளிகளுக்கான அடுக்குமாடி வீட்டை வரைய வேண்டும். ஜேம்ஸ் வேர் என்ற கட்டடக் கலைஞரின் வரைபடம் பரிசு பெற்றது. கட்டடத்தின் நடுப்பகுதியை இரு பக்கமும் சற்று உள்வாங்கச் செய்து, உள்ளறைகளுக்குக் காற்று வர ஒரு சந்து விட்டிருந்தார். மேலிருந்து பார்த்தால் பளு தூக்கும் கட்டை போலிருக்கும்; அந்தப் பெயரே நிலைத்தது. அந்தச் சந்தின் அகலம் 28 அங்குலம். பக்கத்துக் கட்டடமும் அதே அளவு உள்வாங்கினால் இரண்டும் சேர்ந்து ஐந்தடிக்கும் குறைவு. சட்டம் கேட்டதற்கு அது போதுமானதாக இருந்தது. ஐந்து ஆறு மாடி உயரத்துக்கு அந்தக் குழிக்குள் வெயில் இறங்கவில்லை. மக்கள் குப்பையைப் போட்டார்கள். நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலை மூடினார்கள். மும்பையின் அதே கதை, வேறொரு மொழியில்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1882-இல்தான் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். கீழ்க்கிழக்கு நியூயார்க்கில் ஒரு தெருத் தொகுதிக்கு ‘நுரையீரல் தொகுதி’ என்றே பெயர் விழுந்தது. அவ்வளவு பேர் அங்கே சயரோகத்தில் இறந்தார்கள். நகரமெங்கும் ஜன்னலே இல்லாத இருட்டு உள்ளறைகள் மூன்றரை லட்சத்துக்கும் மேல் என்று கணக்கெடுப்பு சொன்னது. 1901-இல் புதிய சட்டம் வந்தது. இனிக் கட்டும் வீடுகளில் சந்து போதாது, முற்றம் வேண்டும். ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் வேண்டும். பழைய கட்டடங்களில் உள்சுவரை உடைத்தாவது ஒரு ஜன்னல் வைத்தாக வேண்டும். அப்படி அறைக்கும் அறைக்கும் நடுவே உடைத்து வைத்த ஜன்னல்களை அந்த ஊரில் இன்றும் சில பழைய வீடுகளில் பார்க்கலாம். அவற்றுக்குக் ‘காசநோய் ஜன்னல்’ என்று பெயர்.

ஆக, இரண்டு நகரங்களிலும் குப்பையை வீசிய கை வேறு வேறு. சந்து மட்டும் இரண்டிலும் குறுகியது. ஒழுங்கீனத்தை வரைபடமே அழைத்து வந்தது.

சென்னை அடுக்குமாடிகளில் அந்தச் சந்தின் பெயர் ‘டக்ட்’. சமையலறை, குளியலறை ஜன்னல்கள் அதற்குள் திறக்கும். கழிவுக் குழாய்களும் அதற்குள் இறங்கும். அதைப் பற்றி ஹாங்காங்குக்கு ஒரு கசப்பான அனுபவம் உண்டு. 2003 மார்ச்சில், சார்ஸ் தொற்றிய ஒருவர் அமாய் கார்டன்ஸ் என்ற பல அடுக்குக் குடியிருப்பின் ‘ஈ’ கட்டடத்தில் உறவினர் வீட்டில் தங்கினார். சில வாரங்களில் அந்த வளாகத்தில் 300-க்கும் மேற்பட்டோருக்கு நோய். அவரை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களே பெரும்பாலோர். விசாரணையில் வெளிவந்த வழி இதுதான்: குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் இடத்தில், நம் பிளம்பர்கள் ‘நானி டிராப்’ என்பார்களே, அதில் எப்போதும் தண்ணீர் தேங்கி நின்று கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுக்க வேண்டும். பல வீடுகளில் தரையைக் கழுவிவிடும் பழக்கம் இல்லாததால் அந்தத் தண்ணீர் வற்றியிருந்தது. குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது, வற்றிய டிராப் வழியே கழிவுக் குழாயின் காற்றை அது வீட்டுக்குள் இழுத்தது. கிருமியோடு சேர்த்து டக்டுக்குள் தள்ளியது. டக்ட் புகைபோக்கி போல அதை மேல்மாடிகளுக்கு ஏற்றியது. மருத்துவ நூல்களில் இது ஒரு கொள்ளைநோய் அத்தியாயம். பிளம்பிங் பாடத்திலும் இது முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் நேர்மையாக ஒரு மறுப்பையும் எடுத்துவைக்க வேண்டும். அந்த மறுப்பு வந்தது சென்னையிலிருந்தே.

காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் காற்றும் வெயிலும் ஓய்வும்தான் சிகிச்சை. டாக்டர் சௌரி முத்து இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தினார். கணிதமேதை ராமானுஜன் 1917-இல் சில காலம் அங்கே தங்கியிருந்தார். அந்த மருத்துவர் ஊர் திரும்பி 1928-இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். மின்சார ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் அதைச் சொல்கிறது. அப்போது கட்டடக்கலையே மருந்தாக இருந்தது. பின்லாந்தில் அல்வார் ஆல்டோ வடிவமைத்து 1933-இல் திறந்த பைமியோ சானடோரியத்தை உங்களில் பலர் கல்லூரியில் படித்திருப்பீர்கள்.

பிறகு மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. மாநில அரசும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய மையம். தலைமை வாலஸ் ஃபாக்ஸ். நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதியினர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடும் காற்றும் ஓய்வுமாக. மறு பாதியினர் தங்கள் வீட்டிலேயே. இரு தரப்புக்கும் ஒரே மருந்து. ஓராண்டு முடிவில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவு குணமடைந்தன. அதைவிட வியப்பு, வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை செய்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தும் அதே முடிவு. அந்த ஒரு மையத்தின் அறிக்கைக்குப் பிறகு உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டன. மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்படியானால் வீடு எப்படி இருந்தால் என்ன என்று கேட்கலாம். சேத்துப்பட்டு சொன்னது வேறு. மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைவாகக் குறைந்துவிடுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தொற்ற வேண்டியது பெரும்பாலும் அதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. ‘சளிதான், சரியாகிவிடும்’ என்று இருமிக்கொண்டிருக்கும் அந்த வாரங்களில், மாதங்களில். கூலி போய்விடுமென்று மருத்துவமனைக்குப் போகாத நாட்களில். அக்கம்பக்கம் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாதே என்று மறைக்கும் நாட்களில். அந்தக் காலத்தில் அந்த வீட்டுக்கு மருத்துவர் கிடையாது, மாத்திரை கிடையாது. அங்கே வேலை செய்யக்கூடியது ஜன்னல் ஒன்றுதான். மருந்து நுழைவதற்கு முந்தைய காலம் உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

வீடு மட்டுமே எல்லாம் என்று இந்த மடல் சொல்ல வரவில்லை. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவர் இணை முன்னின்று நடத்தியது. சென்னை நிறுவனத்துக்கும் அதில் பங்குண்டு. 2,800 காசநோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு, நோயாளிக்கு மட்டுமல்லாமல் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், மாதந்தோறும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. எந்தத் தடுப்பூசியும் இல்லை, அரிசி, பருப்பு. தமிழ்நாடு 2022-இல் ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ தொடங்கி, மிகவும் மெலிந்து வரும் நோயாளிகளை முதல் நாளே இனம்கண்டு படுக்கையில் சேர்ப்பதும் இதே அறிவின் தொடர்ச்சிதான். பசியும் நெரிசலும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன. பசியைத் தீர்ப்பது உங்கள் கையில் இல்லை. நெரிசலில் ஒரு பங்கு உங்கள் கையில் இருக்கிறது.

சென்னையின் கண்ணகி நகரில் 2000-இல் முதலில் குடியேற்றப்பட்டவர்களுக்குக் கிடைத்தது சுமார் 195 சதுர அடி வீடு. மும்பையின் வீட்டை விடவும் சிறியது. பிறகு கட்டியவை பெரிதாயின. பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குகள் எழுந்தன. இனியும் எழும். கூவம் கரையிலிருந்தும் அடையாற்றுக் கரையிலிருந்தும் வருபவர்கள் தங்கள் வீட்டு பிளானைப் பார்த்துக் கருத்துச் சொன்னதில்லை. அவர்களுக்காக யோசிக்கும் ஒரே ஆள், அந்தக் கோப்பில் கையெழுத்திடும் நீங்கள்.

பணக்கார வீடுகளைப் பற்றியும் ஒரு சொல். ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். வீட்டில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. அதைச் செய்வதில்லை, அறைக்குள் இருக்கும் அதே காற்றைக் குளிரவைத்துத் திரும்ப அனுப்புகிறது. 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். குவாங்சோ நகர உணவகம் ஒன்றில் மூன்று குடும்பங்கள் அருகருகே மேசைகளில் சாப்பிட்டன. ஏ.சி. அந்த மூன்று மேசைகளின் காற்றையும் ஒரு வளையமாகச் சுழற்றியது. மூன்று குடும்பங்களிலுமாகப் பத்துப் பேருக்கு கோவிட். புதுக்காற்று ஏறத்தாழ இல்லை என்பது பின்னர் அளந்தபோது தெரிந்தது. அதே ஆண்டு மார்ச்சில் சியோலில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் 11-ஆம் மாடியில் இயங்கிய கால் சென்டரில் 216 ஊழியர்களில் 94 பேருக்குத் தொற்று. பெரும்பாலோர் தளத்தின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். அந்த மாதக் கடைசியில்கூட உலக சுகாதார நிறுவனம் இது காற்றில் பரவும் நோய் அல்ல என்று அறிவித்துக்கொண்டிருந்தது. ஜூலையில் 239 அறிவியலாளர்கள் சேர்ந்து மறுப்பு எழுத வேண்டியிருந்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் உலகம் முழுக்கக் கைகளைக் கழுவியது, மேசைகளைத் துடைத்தது, ஜன்னலை மறந்தது.

சரி, ஜன்னல் வைத்தால் மட்டும் திறந்துவிடுவார்களா? இந்தக் கேள்வியை உங்களில் பலர் கேட்பீர்கள், நியாயமாகவே. தமிழ்நாட்டில் மாலை ஐந்தரை மணிக்கு வீடு வீடாக ஜன்னல் சாத்தப்படுகிறது. கொசு. இரவு முழுக்கச் சாத்தியிருக்கிறது. திருட்டுப் பயம், எதிர்வீட்டுப் பார்வை. ஐப்பசி, கார்த்திகையில் சாரல். சென்னையில் இன்ஃபுளூயன்சா உச்சம் தொடுவதும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில்தான். நாட்டின் பல பகுதிகளில் தென்மேற்குப் பருவத்தில் வருவது இங்கே அப்போது வருகிறது. மழையில் எல்லோரும் உள்ளே, எல்லாம் அடைத்து.

இவற்றில் ஒன்றுகூடக் குடியிருப்பவரின் குறை அன்று. கொசுவலை போட்ட ஜன்னல் திறந்திருக்கும். கொசுவலை எஸ்டிமேட்டில் இருந்தால் ஏழை வீட்டிலும் இருக்கும்; ‘அவரவர் போட்டுக்கொள்ளட்டும்’ என்று விட்டால் இருக்காது. உறுதியான கிரில் இருந்தால் இரவில் திறந்து வைத்துத் தூங்கலாம். ஆளுயரத்துக்கு மேலே, சஜ்ஜாவின் கீழே ஒரு வென்டிலேட்டர் வைத்தால் சாரலும் வராது, பார்வையும் வராது, சூடான காற்று மட்டும் வெளியே போகும். நம் தாத்தா காலத்துக் கொத்தனார் இந்தச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே திறப்பில் விடை வைத்திருந்தார். செட்டிநாட்டு வீட்டின் முற்றமும் கிராமத்து ஓட்டு வீட்டின் இடுக்குகளும் அதே பணியை வேறு வேறு அளவில் செய்தன.

இன்னொன்று, ஸ்லைடிங் ஜன்னல். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த பகுதிகளில் அறைத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும் என்கிறது. சட்டகத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. நூறு சதுர அடி அறைக்குச் சுமார் பதினேழு சதுர அடி ஜன்னல் காட்டி ஒப்புதல் வாங்குகிறோம். அதை இரண்டு டிராக் ஸ்லைடிங்காகப் போடும்போது ஒரு பலகை இன்னொன்றின் பின்னால் ஒதுங்குகிறது. ஒருபோதும் பாதிக்கு மேல் திறக்காது. காகிதத்தில் ஆறில் ஒன்று, காற்றுக்குப் பன்னிரண்டில் ஒன்று. பழைய கீல் வைத்த ஜன்னல் முழுதாகத் திறக்கும். திறக்கும் பரப்பைத் தனியாகக் குறிக்கும் பழக்கம் உங்கள் வரைபடங்களில் வந்துவிட்டால் போதும். வாடிக்கையாளரே கேட்கத் தொடங்குவார். வாஸ்துக்காக வாசலை இடம் மாற்றத் தயாராக இருக்கும் அதே மனிதர், எதிரெதிர்ச் சுவரில் இரண்டு திறப்பு இருந்தால்தான் காற்று ஓடும் என்று ஒருமுறை விளக்கினால் கேட்டுக்கொள்ள மாட்டாரா? வகுப்பறை, ட்யூஷன் சென்டர், கல்யாண மண்டபம், ஏ.சி. அலுவலகம் எல்லாவற்றுக்கும் புதுக்காற்று வரும் வழியைப் பிளானிலேயே காட்டுங்கள். டக்டுக்கு மேலே கூரை போடாதீர்கள். நானி டிராப் வற்றாமலிருக்க ஆழமுள்ளதாகப் போடச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே கட்டிய கட்டடங்களுக்கு என்ன செய்வது என்பதற்குப் பெரு நாட்டின் லிமா நகரம் ஒரு வழி காட்டியது. ராட் எஸ்கோம்ப் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் அங்கே எட்டு மருத்துவமனைகளில் அறை அறையாகக் காற்றோட்டத்தை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்தால் அறைக்காற்று மணிக்கு 28 முறை மாறியது. பெருஞ்செலவில் இயந்திரம் வைத்துக் காற்றை உறிஞ்சும் தனி அறைகளில் 12 முறைதான். அப்போதைக்கு ஐம்பது ஆண்டுக்கும் முன்பே கட்டிய, உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய வார்டுகளில் 40 முறை; அவற்றுக்குப் பின்னர் கட்டிய, தாழ்ந்த கூரையுள்ள வார்டுகளில் 17. அந்த அறைகளில் ஒரு நாள் இருந்தால் காசநோய் தொற்றக்கூடிய வாய்ப்பைக் கணித்தபோது இயந்திர அறையில் 39 விழுக்காடு, புதிய வார்டில் 33, பழைய வார்டில் 11.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. நோயாளிகள் மணிக்கணக்கில் காத்திருக்கும் அறைகளையும் மருத்துவர் பார்க்கும் அறைகளையும் எடுத்துக்கொண்டு சின்னச் சின்ன வேலைகள் செய்தார்கள். ஆணி அடித்தும் பூசியும் மூடிவைத்திருந்த ஜன்னல்களை மீண்டும் திறந்தார்கள். கூரையில் காற்றுப்போக ஒரு திறப்பை வெட்டினார்கள். செலவு சொற்பம். பிறகு மறுபடி அளந்தார்கள்; தொற்றும் வாய்ப்பு முன்பிருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.